கறி கொஞ்சம், காய் நிறைய: கைக்கு கிடைச்சத வச்சு சமைச்சா ஏன் எல்லாமே ஒரே மாதிரி சப்புனு வருது?

ராத்திரிசமையல்:
வணக்கம் மக்களே. நான் சமையலுக்குப் புதுசு இல்ல, அதுக்குன்னு நல்லா சமைக்கிறவனும் இல்ல, நடுவுல எங்கயோ தொங்கிட்டு இருக்கேன். வீட்ல மூணு பேர், மூணு பேருக்கும் நல்ல பசி, ஆனா இருக்கற காசுக்கு வாரத்துக்கு ஒரு தடவதான் கறி வாங்க முடியுது. ஒரு முழுக் கோழி, இல்லன்னா அரைக் கிலோ கறி, அவ்வளவுதான். அதுவும் வாங்கின அன்னைக்கே காலி. மிச்ச நாளெல்லாம் வெறும் காய், அதுவும் ஃப்ரிட்ஜ்ல அரைவாசி வாடிப் போனது.

ரெசிபி பார்த்து செய்யலாம்னா அதுல சொல்ற பத்து பொருள்ல நாலு நம்மகிட்ட இருக்காது, அத வாங்கப் போனா சிக்கனம்ங்கற பேச்சுக்கே இடமில்ல. அதனால இருக்கறத வச்சு நானே ஏதாவது போட்டுப் பாக்குறேன். போன ஞாயித்துக்கிழமை நடந்தத சொல்றேன்: கறிய துண்டு போட்டேன், கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், வெங்காயம் எல்லாத்தையும் நறுக்கி, ஒரே வாணலில ஒண்ணா கொட்டிக் கிளறினேன். அஞ்சு நிமிஷத்துல அடியில குளம் மாதிரி தண்ணி. கறி சாம்பல் கலர்ல ரப்பர் மாதிரி ஆயிடுச்சு, கோஸ் கூழ் ஆயிடுச்சு, கேரட் மட்டும் பல்லுக்கு பதில் சொல்லிட்டு இருந்துச்சு. மிளகும் உப்பும் அள்ளிப் போட்டு எப்படியோ சாப்பிட்டு முடிச்சோம்.

எனக்கு ரெசிபி வேணாம். என்ன கறி இருந்தாலும் என்ன காய் இருந்தாலும், செலவு பண்ணாம உருப்படியா ஒரு சாப்பாடு பண்ண என்ன புரிஞ்சுக்கணும், அத சொல்லுங்க. வெளியில வாங்கி சாப்பிடுன்னு சொல்றவங்க தயவு செஞ்சு அடுத்த பதிவுக்கு போயிடுங்க.

அடுப்படிஅக்கா:
தம்பி, உன் பிரச்சனை மசாலாவும் இல்ல கறியும் இல்ல, தண்ணி. கறில முக்கால்வாசி தண்ணிதான், காய்ல அதுக்கும் மேல, கோஸ் காளான் எல்லாம் பத்துல ஒம்பது பங்கு தண்ணி. இத்தனையும் ஒரே நேரத்துல ஒரு வாணலில கொட்டினா அது வெளிய வர்ற வேகத்துக்கு ஆவியாகிப் போக வழியே இல்ல. தண்ணி இருக்கற வரைக்கும் வாணலி சூடு 100 டிகிரி தாண்டாது. கறி செவக்குறதுக்கு, அந்த வறுத்த வாசம் வர்றதுக்கு 140 டிகிரிக்கு மேல வேணும். நீ வதக்கல, வேக வச்சிருக்க, அதான் சாம்பல் கலர்.

அதனால முதல்ல கறிய துணியால, இல்ல பேப்பரால ஒத்தி ஈரத்த எடு. வாணலிய நல்லா காய விடு, எண்ணெய் ஊத்து, கறிய இடைவெளி விட்டு பரப்பு. துண்டுக்குத் துண்டு ஒரு விரல் கேப் இருக்கணும், இடம் பத்தலன்னா ரெண்டு தடவையா போடு. போட்டுட்டு கைய கட்டிட்டு நில்லு. இதுதான் எல்லாரும் தப்பு பண்ற இடம், கரண்டி கையில இருந்தா கிளறாம இருக்க முடியாது நமக்கு. ரெண்டு மூணு நிமிஷம் தொடாத. முதல்ல திருப்பப் பாத்தா ஒட்டிக்கும், செவந்ததும் தானா விட்டுடும், அதுதான் அடையாளம். ரெண்டு பக்கம் செவந்தா போதும், உள்ள வேகலன்னாலும் பரவால்ல, எடுத்து தட்டுல வச்சிடு.

இப்ப வாணலி அடியில பழுப்பா ஒட்டிட்டு இருக்கும் பாரு, அத அடிப்பிடிச்சிருச்சுன்னு நினைச்சு கழுவி ஊத்திடாத!! உன் மொத்த சாப்பாட்டோட ருசியே அதுலதான் இருக்கு. அதே வாணலில வெங்காயத்த போடு, ஒரு சிட்டிகை உப்பு போடு, உப்பு வெங்காயத்துல இருந்து தண்ணிய இழுக்கும், அந்த ஈரத்துலயே அடியில இருக்கறது கழண்டு வெங்காயத்துல ஏறிக்கும். கரண்டியால சுரண்டி விடு. வெங்காயம் கறி தின்ன மாதிரி ஆயிடும். (கருப்பா தீஞ்சிருந்தா மட்டும் கழுவிடு, அது கசக்கும், காப்பாத்த வழி இல்ல.)

அப்புறம் காய். எல்லாக் காயும் ஒண்ணா வேகாது. கேரட், உருளை, பீட்ரூட் மாதிரி கெட்டியானது முதல்ல, இல்லன்னா அத சின்னதா நறுக்கிக்கோ. பீன்ஸ், காலிஃப்ளவர் அடுத்து. கோஸ், கீரை, பட்டாணி எல்லாம் கடைசி. கடைசில கறிய அது விட்ட சாறோட திரும்பப் போட்டு, கொஞ்சம் தண்ணி தெளிச்சு மூடி வச்சா முடிஞ்சுது. நேத்து எங்க வீட்ல நாலு பேருக்கு கால் கிலோ கறிதான், மிச்சம் ஒரு கிலோ காய். எங்க கறியக் காணோம்னு ஒருத்தரும் கேக்கல, ஏன்னா எந்த வாய் எடுத்தாலும் கறி வாசம் இருந்துச்சு.

குக்கர்மன்னன்:
எதுக்குங்க இவ்வளவு கஷ்டம். எல்லாத்தையும் குக்கர்ல போட்டு மூடி வச்சா அது பாட்டுக்கு வேகுது, கேஸும் மிச்சம். நான் பத்து வருஷமா இப்படித்தான் சாப்பிடுறேன், உயிரோடதான் இருக்கேன்.

கத்திகட்டை:
நண்பா ராத்திரிசமையல், அக்கா சமைக்கிறதப் பத்தி சொல்லிட்டாங்க, நான் வாங்கினதும் என்ன பண்றதுன்னு சொல்றேன், ஏன்னா உன் கோழி முதல் நாளே காலியாகுறதுதான் பெரிய ஓட்டை.

முழுக் கோழிய வெட்டாம வாங்கு. துண்டு போட்டு வாங்கினா எலும்பும் சதையும் கலந்து ஒரே குழம்புல போயிடும், ஒரு வேளையோட கதை முடிஞ்சுது. முழுசா வாங்கி நீயே பிரிச்சா அதுல மூணு வேளை சாப்பாடு இருக்கு. பயப்படாத, எலும்ப வெட்டவே வேண்டியதில்ல, மூட்டுலதான் கத்தி போகணும். தொடைய வெளிப்பக்கமா மடக்கு, டக்குனு ஒரு சத்தம் கேட்டு மூட்டு கழண்டு உருண்டை எலும்பு தெரியும், அந்த இடத்துல கத்திய விட்டா வெண்ணெய்ல போற மாதிரி போகும். ரெக்கையும் அதே மாதிரிதான். நெஞ்சுக்கு நடு எலும்ப ஒட்டியே கத்திய இறக்கி ரெண்டு பக்கமும் சதைய உரிச்சு எடு. முதல் தடவ எனக்கு முக்கா மணி நேரம் ஆச்சு, கந்தல் கந்தலா வந்துச்சு. இப்ப பத்து நிமிஷம்.

நெஞ்சுக்கறில கொழுப்பு கம்மி, அதிகம் வெந்தா மரக்கட்டை ஆயிடும், அதனால அத மெல்லிசா சீவி அன்னைக்கே காயோட சட்டுனு வதக்கி எடுத்துடு. மெல்லிசா சீவ வரலன்னா ஃப்ரீசர்ல ஒரு அரை மணி நேரம் வை, பாதி உறைஞ்சதும் கத்தி சொன்ன பேச்சு கேக்கும். இன்னொண்ணு, கறில நார் ஓடுற திசை கண்ணுக்கே தெரியும், அதுக்கு குறுக்க வெட்டு. நாரோட நீளத்துக்கு வெட்டினா எவ்வளவு வேக வச்சாலும் பல்லுல கயிறு மாதிரி இழுக்கும். இது எந்தக் கறிக்கும் பொருந்தும். தொடைய தனியா ஃப்ரீசர்ல போட்டுட்டு ரெண்டு நாள் கழிச்சு குழம்பு மாதிரி நிதானமா வேக வை, அது எவ்வளவு நேரம் வெந்தாலும் தாங்கும்.

மிச்சம் அந்தக் கூடு, கழுத்து, ரெக்கை நுனி. இத தூக்கிப் போட்டா நீ காசு கொடுத்து வாங்கினதுல நல்ல ஒரு பங்க குப்பைல போடுறேன்னு அர்த்தம். ஒரு பாத்திரத்துல போட்டு, கேரட் தோல், வெங்காய வேர், காளான் காம்பு, கொத்தமல்லித் தண்டு இதெல்லாம் சேர்த்து, முங்குற அளவு தண்ணி ஊத்தி சின்ன தீயில ரெண்டு மூணு மணி நேரம். கொதிக்கக் கூடாது, அங்கொண்ணு இங்கொண்ணு குமிழ் வந்தா போதும். கோஸ் மட்டும் வேணாம், நேரம் ஆக ஆக நாத்தம் அடிக்கும். உப்பும் இப்ப வேணாம், அப்புறம் சுண்ட வைக்கும்போது கடல் தண்ணி ஆயிடும். வடிகட்டி வச்சா, கறியே இல்லாத நாள்ல வெறும் காய வேக வைக்க தண்ணிக்குப் பதில் இந்த சாறு.

தோலையும் வீசாத. தண்ணி ஒரு ஸ்பூன் விட்டு சின்ன தீயில வச்சா கொழுப்பு பூரா உருகி வரும், தோல் மொறுமொறுன்னு ஆயிடும். அந்தத் தோல் சமைக்கிறவன் கூலி, யார்கிட்டயும் சொல்லாம சாப்பிட்டுடு. கொழுப்ப ஒரு பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கோ, அதுல கோஸ் வதக்கிப் பாரு.

அடுப்படிஅக்கா:
@குக்கர்மன்னன் தம்பி, குக்கர நான் குறை சொல்லவே இல்ல. அதுல உள்ள 120 டிகிரி வரைக்கும் சூடு ஏறும், கத்திகட்டை சொன்ன எலும்பு சாறு அதுல முக்கா மணி நேரத்துல முடிஞ்சிடும். கால் கறி, கழுத்துக் கறி, முன்னந்தொடை மாதிரி விலை கம்மியான துண்டெல்லாம் அந்த விலங்கு அதிகம் வேலை வாங்கின இடம், அதனால ஜவ்வு அதிகம். அந்த ஜவ்வு ஈரத்தோட நேரம் எடுத்து வெந்தாதான் கரைஞ்சு கொழகொழன்னு ஆகும். அவசரப்பட்டா ரப்பர், பொறுமையா விட்டா பஞ்சு. அதுக்கெல்லாம் குக்கர்தான் கை கொடுக்கும். ஆனா நெஞ்சுக்கறியையும் கோஸையும் அதே நேரத்துக்கு அதுக்குள்ள போட்டா ஒண்ணு கட்டை இன்னொண்ணு கூழ். கறிய முதல்ல குக்கர்லயே திறந்து வச்சு செவக்க வதக்கிட்டு, அப்புறம் மூடி வேக வச்சு, திறந்து காயப் போட்டுப் பாருங்க. பத்து வருஷம் வேஸ்ட் பண்ணிட்டமேன்னு தோணும் 😄

சும்மாபடிக்கிறேன்:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், கொத்துக்கறிக்கு ஏதாவது சொல்லுங்க. எங்க பக்கம் அதுதான் கட்டுப்படியாகுது, ஆனா நான் செஞ்சா சின்னச் சின்ன சாம்பல் உருண்டையா தண்ணில மிதக்குது.

கத்திகட்டை:
அதுவும் அதே தண்ணிக் கதைதான். கொத்துக்கறிய வாணலில போட்ட உடனே கரண்டியால குத்திக் கிளறிடுறோம். அதுக்குப் பதிலா மொத்தத்தையும் ஒரு தடிமனான அடை மாதிரி வாணலி முழுக்க தட்டி அமுக்கி விட்டுடு, நாலஞ்சு நிமிஷம் அப்படியே. அடிப்பக்கம் நல்லா செவந்ததும் பெரிய பெரிய துண்டா திருப்பிப் போட்டு, அப்புறமா உடைச்சு விடு. பாதி செவந்து பாதி மெத்துனு இருக்கும், அதுதான் வேணும்.

அளவு கூட்டணும்னா காளான பொடிப்பொடியா கொத்தி, தனியா தண்ணி வத்த வதக்கி, கறியோட சரிபாதி கலந்துடு. காளான்லயும் கறி மாதிரி ஒரு ருசி இயற்கையாவே இருக்கு, யாருக்கும் தெரியாது. காளான் விலை எகிறிச்சுன்னா வேக வச்ச பருப்பு, இல்ல துருவின கேரட், பொடியா நறுக்கின கத்திரிக்காய். உருளை துருவிப் போட்டேன் ஒரு தடவ, பசை மாதிரி ஆயிடுச்சு, அந்தப் பக்கம் போகாதீங்க.

குளிர்பெட்டி:
எல்லாரும் நல்லாதான் சொல்றீங்க, ஆனா மிச்சம் வச்சு மிச்சம் வச்சு சாப்பிடுறதப் பத்தி பேசும்போது ஒருத்தராவது கெட்டுப் போறதப் பத்தி சொல்லணும்ல. நான் ஒரு தடவ பெரிய பாத்திரம் நிறைய கறி சாறு வச்சுட்டு, ஆறட்டும்னு ராத்திரி முழுக்க அடுப்பு மேலயே விட்டுட்டேன், காலைல பார்த்தா வாசமும் நல்லாதான் இருந்துச்சு, குடிச்சேன், அடுத்த ரெண்டு நாள் நான் எங்க இருந்தேன்னு சொல்ல வேண்டியதில்ல. வாசத்த நம்பாதீங்க.

5 டிகிரில இருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமிக்கு கொண்டாட்டம். சமைச்சத ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க, சோறும் சேர்த்துத்தான் சொல்றேன். பெரிய பாத்திரத்தோட ஃப்ரிட்ஜ்ல வச்சா நடுவுல சூடு போக ராத்திரி ஆயிடும், அகலமான சின்ன டப்பாவா பிரிச்சு ஊத்தி வைங்க. சமைச்சது மூணு நாலு நாள் தாங்கும், பச்சைக் கோழியும் கொத்துக்கறியும் ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாளுக்கு மேல வேணாம், அதுக்கு மேலன்னா ஃப்ரீசர். ஃப்ரீசர்ல போடும்போது உருண்டையா போடாம கவர்ல தட்டையா பரப்பி, ஒரு வேளைக்கு ஒரு கவர்னு போடுங்க, சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். இளக வைக்கிறதும் ஃப்ரிட்ஜ் உள்ளயேதான், முத நாள் ராத்திரியே கீழ் தட்டுக்கு மாத்திடுங்க, அடியில ஒரு தட்டு வச்சு.

கோழிய குழாய்ல கழுவுற பழக்கம் இருக்கறவங்க கோவிச்சுக்காதீங்க, அதுல கிருமி போகாது, தண்ணி தெறிச்சு பக்கத்துல வச்ச காய் மேல ஏறிடும், அவ்வளவுதான் நடக்கும். உள்ள 74 டிகிரி வந்தாலே கோழிக் கிருமி செத்துடும். திரும்ப சூடு பண்ணும்போதும் அதே கணக்குதான், நல்லா ஆவி பறக்கணும்.

ராத்திரிசமையல்:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி ஈரம் ஒத்தி எடுத்து, கேப் விட்டு பரப்பி, கரண்டிய வேணும்னே அடுத்த ரூம்ல வச்சுட்டு வந்து நின்னேன். சொய்ங்னு சத்தம் அடங்கவே இல்ல, தண்ணியும் வரல. வெங்காயம் போட்டு சுரண்டினப்ப வந்த வாசத்துக்கு ரூம்மேட் ஹெட்ஃபோன கழட்டிட்டு எழுந்து வந்தான், அவன் அப்படி எழுந்து வந்து நான் பார்த்ததே இல்ல.

ஆனா ஒரு சிக்கல். ரெண்டாவது நாள் தொடைக்கறி வச்சு குழம்பு மாதிரி பண்ணேன். வெங்காயம், நிறைய தக்காளி, அப்புறம் உருளையும் கேரட்டும். கறி பூ மாதிரி வெந்துடுச்சு, உருளை மட்டும் முக்கா மணி நேரம் ஆகியும் நறுக் நறுக்னு இருக்கு. பழைய உருளையா இருக்குமோ? இன்னொண்ணு, எல்லாம் சரியா இருந்தும் ருசில ஏதோ ஒண்ணு குறையுது, உப்பு போட்டா கரிக்குது, போடலன்னா சப்புனு இருக்கு.

அடுப்படிஅக்கா:
உருளை மேல பழி போடாத, தக்காளிதான் குற்றவாளி. புளிப்பு இருந்தா காய் இளகாது, காயக் கட்டிப் பிடிச்சு வச்சிருக்கற பசை புளிப்புல கரைய மாட்டேங்கும். பருப்பு, பயறு எல்லாத்துக்கும் இதே கதைதான், தக்காளி போட்டு வேக வச்சா ஜென்மத்துக்கும் வேகாது. உருளையும் கேரட்டும் முக்கால்வாசி வெந்தப்புறம் தக்காளி போடு. இல்ல உருளைய தனியா வேக வச்சு கடைசில சேரு. இதையே நமக்கு சாதகமாவும் திருப்பிக்கலாம், காய் குழையக் கூடாதுன்னா முதல்லயே கொஞ்சம் தக்காளி.

ருசில குறையுதுன்னு சொன்னியே, அதுக்கும் புளிப்புதான் மருந்து. ஆனா அது கடைசில. அடுப்ப அணைச்சப்புறம் அரை மூடி எலுமிச்சை, இல்ல ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு கிளறி ருசி பாரு. புளிக்கிற அளவுக்கு வேணாம், இருக்கறதே தெரியாத அளவு. பாதிப் பேர் உப்பு பத்தலன்னு உப்பு போட்டுட்டே போறது இந்தப் புளிப்பு இல்லாமதான். உப்புக்கு ஒரு கணக்கு வேணும்னா, கறியும் காயும் சேர்த்து ஒரு கிலோன்னா 10 கிராம்ல ஆரம்பி, அதாவது ரெண்டு டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மி. கறிக்கு வேண்டியத சமைக்கிறதுக்கு முந்தியே தடவி வச்சிடு, காய்க்கு வேண்டியது தனியா.

குக்கர்மன்னன்:
அக்கா ஒத்துக்கறேன். குக்கர்லயே முதல்ல வதக்கிட்டு அப்புறம் மூடினேன். பத்து வருஷத்தப் பத்தி இனிமே யாரும் பேச வேணாம்.

ராத்திரிசமையல்:
அக்கா எலுமிச்சை வேலை செஞ்சுது, நன்றி. கத்திகட்டை அண்ணே, கோழி பிரிச்சேன், ஒன்றரை மணி நேரம் ஆச்சு, ஒரு தொடை அழகா வந்துச்சு, இன்னொண்ணு யாரோ கடிச்சு வச்ச மாதிரி இருக்கு. கூட்ட மூணு மணி நேரம் சாறு எடுத்து, டப்பால பிரிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சேன். காலைல திறந்தா மேல கொழுப்பு வெள்ளையா படிஞ்சு, அடியில ஸ்பூன் வச்சா ஆடுது, ஊத்துனா விழ மாட்டேங்குது. கெட்டுப் போச்சா இல்ல அப்படித்தான் இருக்குமா?

கத்திகட்டை:
அப்படித்தான் இருக்கணும், எலும்புல இருந்த ஜவ்வு பூரா கரைஞ்சு வந்திருக்குன்னு அர்த்தம், சூடு பண்ணா திரும்ப தண்ணி ஆயிடும். மேல இருக்கற கொழுப்ப வழிச்சு பாட்டில்ல போடு. நல்லா பண்ணிருக்க.

ராத்திரிசமையல்:
வழிச்சாச்சு. ரூம்மேட் அத ஜெல்லின்னு நினைச்சு ஒரு ஸ்பூன் வாய்ல போட்டுட்டான், முகத்த போட்டோ எடுக்காம விட்டுட்டேன். வாடின கேரட்டும் கோஸ் தண்டும் அதுல வெந்துட்டு இருக்கு இப்ப.